சிற்றுருவில் ஒரு நீராவி எஞ்சின் ஷெட்

பங்காருப்பேட்டைச் சந்திப்பிலிருந்து பிரிந்து மாரிக்குப்பம் வரை செல்லும் கிளை இருப்புப்பாதை சுமார் 16 கிலோமீட்டர் நீளமே உடையது. கோலார் தங்கச் சுரங்கங்களின் தேவைக்காக 1894ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அப்பாதையில் கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்னும் சிறு நிலையங்கள் உள்ளன. சுரங்கத்திற்கு வேண்டிய இயந்திரங்களும் மரமும் நிலக்கரியும் அதன் வழியே வந்தன. வடார்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வேலை தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கும் அதுவே வாயிலாயிற்று. 1902ஆம் ஆண்டில் காவிரியின் சிவசமுத்திர அருவியில் உற்பத்தியான மின்சாரம் சுமார் 147 கிலோமீட்டர் தூரம் கம்பி வழியே வந்து சுரங்கங்களை இயக்கத் தொடங்கியது. ஆயினும் இருப்புப்பாதையில் மட்டும் அதன் பின்னரும் பல்லாண்டுகள் நீராவியே ஆட்சி செலுத்தியது.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. விடியற்காலையில் பெங்களூருக்கு வேலைக்குச் செல்வோரை ஏற்றிச் செல்லும் ரெயில்களே இன்று அப்பாதையின் உயிர். நாட்டின் அகலப்பாதையில் முறையான நீராவி ரெயில் சேவை 1995ஆம் ஆண்டிலேயே முடிவுற்றது. எஞ்சின்களிற் சில கண்காட்சிச் சாலைகளில் காக்கப்படுகின்றன. ஆனால் அவற்றுக்குக் கரியும் நீரும் ஊட்டி, சாம்பல் அகற்றி, பழுது பார்த்து, மறுநாள் ஓட்டத்திற்கு ஆயத்தம் செய்த எஞ்சின் ஷெட்டுகள், அதாவது மக்கள் வழக்கில் 'லோகோ ஷெட்', பெரும்பாலும் இடிக்கப்பட்டன, அல்லது உருமாறின. எஞ்சினைக் காக்கலாம், அதைச் சூழ்ந்திருந்த வேலை முறையைக் காப்பது எளிதன்று. அதற்குள்ள வழிகளில் ஒன்று, அளவு பிசகாமல் அமைக்கப்படும் சிற்றுருவ மாதிரி. கோரமண்டலின் மண்ணையும் வானையும் பின்னணியாகக் கொண்டு, அகலப்பாதைக்குரிய ஒரு சிறு ஷெட்டை மேசைப் பலகையின் மீது அமைப்பது எவ்வாறு என்பதை இக்கட்டுரை விளக்கும். இது எந்த ஒரு குறிப்பிட்ட ஷெட்டின் நகலும் அன்று. நீராவிக் கால ஷெட்டுகளுக்குப் பொதுவான உறுப்புகளைக் கொண்டது.

ஷெட்டைத் தேர்ந்தெடுப்பது ஏன்?

மாதிரி ரெயில் என்றவுடன் வட்டமான பாதையில் சுற்றிச் சுற்றி ஓடும் வண்டியே நினைவுக்கு வரும். அதில் ஒரு பொய் மறைந்துள்ளது. இந்திய அகலப்பாதையில் அனுமதிக்கப்படும் மிகக் கூர்மையான வளைவு 10 டிகிரி வளைவு. அதன் ஆரம் 175 மீட்டர். நூறில் ஒரு பங்காகச் சுருக்கினாலும் அது 1.75 மீட்டராகும். கடைகளில் விற்கும் மாதிரி வளைவுகளோ 40 அல்லது 45 சென்டிமீட்டர் ஆரமே உடையவை. உண்மையான எந்த அகலப்பாதை எஞ்சினும் அத்தகைய வளைவில் திரும்ப இயலாது.

ஷெட்டில் இத்தொல்லை குறைவு. அங்குப் பாதைகள் பெரும்பாலும் நேராக உள்ளன. எஞ்சின்கள் மெல்ல நகர்கின்றன. வண்டித் தொடர் தேவையில்லை. நான்கடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உள்ள பலகையில் ஒரு நாள் வேலை முழுவதையும் காட்டிவிடலாம். சிறு வீடுகளில் வாழ்வோருக்கு இது பொருந்தும். சுவரில் மாட்டி வைக்கவும் கூடும்.

ஓர் அடிக்கு மூன்று மில்லிமீட்டர்

முதலில் தீர்மானிக்க வேண்டியது அளவு விகிதம். உலகெங்கும் மிகுதியாக விற்பனையாகும் மாதிரிப் பாதையில் தண்டவாளங்களின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வழங்கும் 1,435 மில்லிமீட்டர் பாதையை 87இல் ஒரு பங்காகச் சுருக்கியதால் கிடைத்த அளவு இது. 'எச்.ஓ.' என்பது இதன் வணிகப் பெயர். இந்திய அகலப்பாதையின் இடைவெளியோ 1,676 மில்லிமீட்டர். அதை 87ஆல் வகுத்தால் 19.3 மில்லிமீட்டர் வரும். ஆகவே 87இல் ஒரு பங்கு அளவில் செய்த இந்திய எஞ்சினை 16.5 மில்லிமீட்டர்ப் பாதையில் நிறுத்தினால், அகன்ற உடலைக் குறுகிய கால்கள் தாங்குவது போன்ற தோற்றம் உண்டாகும். இங்கிலாந்திலும் முன்னர் இதே தவறு நேர்ந்தது. அந்நாட்டின் எஞ்சின்கள் உருவிற் சிறியவை. அவற்றின் மாதிரிக்குள் அக்கால மோட்டார்கள் அடங்கவில்லை. எனவே உடலை மட்டும் 76இல் ஒரு பங்காகப் பெரிதாக்கி, பாதையை 16.5 மில்லிமீட்டராகவே விட்டுவிட்டனர். அந்த வழக்கம் இன்றும் அங்கு நீடிக்கிறது.

இந்தியருக்கு இதினும் நேர்த்தியான வழி ஒன்றுண்டு. அகலப்பாதையின் பழைய அளவு 5 அடி 6 அங்குலம். ஓர் அடிக்கு 3 மில்லிமீட்டர் எனக் கொண்டால், ஐந்தரை அடிக்கு மிகச் சரியாக 16.5 மில்லிமீட்டர் கிடைக்கிறது. கடையில் வாங்கும் பாதையே எவ்வித மாற்றமுமின்றி இந்திய அகலப்பாதையாகிவிடுகிறது. இவ்விகிதம் 101.6இல் ஒரு பங்கு. நீராவிக் கால வரைபடங்கள் பெரும்பாலும் அடிக்கணக்கிலேயே வரையப்பட்டிருப்பதால், ஒவ்வோர் எண்ணையும் மூன்றால் பெருக்கினாற் போதும். ஐந்தரை அடி உயரமுள்ள மனித உருவமும் 16.5 மில்லிமீட்டரே ஆகும். ஓர் ஆளின் உயரமும் பாதையின் அகலமும் சமம் என்பதை நினைவிற் கொண்டால், அமைப்பின் எல்லா உறுப்புகளையும் கண்ணாலேயே சரிபார்க்கலாம்.

இவ்வழிக்கு ஒரு விலையும் உண்டு. 87இல் ஒரு பங்கு அளவில் விற்கும் எஞ்சின்களும் கட்டடங்களும் மனித உருவங்களும் இங்குப் பயன்படா. சக்கரம், மோட்டார், பாதை ஆகியவற்றை வாங்கலாம். உடல்களைத் தாமே செய்ய வேண்டும். இன்னொரு குறையும் உண்டு. பங்காருப்பேட்டையில் 1913ஆம் ஆண்டு முதல் கோலாருக்குச் சென்ற சிறுபாதையின் இடைவெளி 2 அடி 6 அங்குலம், இவ்விகிதத்தில் 7.5 மில்லிமீட்டர். கடையில் கிடைப்பவை 9 மில்லிமீட்டரும் 6.5 மில்லிமீட்டருமே. ஆகவே அகலப்பாதையையும் சிறுபாதையையும் அருகருகே காட்ட விரும்புவோர், சிறுபாதையைக் கையாலேயே அமைக்க வேண்டும். முதல் முயற்சியில் அதை விட்டுவிடுதல் நலம்.

பலகையும் பாதையும்

அடித்தளத்திற்கு 9 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை ஏற்றது. இதற்குக் காரணம் உறுதி மட்டுமன்று. எஞ்சினுக்கு அடியில் ஆள் இறங்கி வேலை செய்யும் குழி சுமார் 3 அடி ஆழமுடையது. இவ்விகிதத்தில் அது 9 மில்லிமீட்டர். பலகையை நீளவாக்கில் வெட்டி, அடியில் மெல்லிய அட்டையை ஒட்டினால், குழி தானே சரியான ஆழத்தில் அமைந்துவிடும்.

பலகையின் நான்கடி நீளம் உண்மையில் ஏறத்தாழ 406 அடியைக் குறிக்கும். இரண்டு எஞ்சின்களை அருகருகே நிறுத்தும் கூரைக் கொட்டகை ஒன்றே இதில் அடங்கும். சித்தரஞ்சன் தொழிற்சாலையில் 1950 முதல் 1970 வரை செய்யப்பட்ட டபிள்யூ.ஜி. வகைச் சரக்கு எஞ்சின், நீர்வண்டியோடு சேர்த்துச் சுமார் 24 மீட்டர் நீளமுடையது. மாதிரியில் இது 236 மில்லிமீட்டர். ஆகவே கொட்டகைக்கு 270 மில்லிமீட்டர் நீளம் கொடுப்பது பொருத்தம். அருகருகேயுள்ள இரு பாதைகளின் நடுக்கோடுகளுக்கிடையே நிலையங்களில் குறைந்தது 15 அடி 6 அங்குலம் விடப்பட்டது. ஷெட்டில் ஆட்கள் கருவிகளுடன் நடமாட வேண்டுமாதலால் இடைவெளியை 20 அடியாக, அதாவது 60 மில்லிமீட்டராக வைக்கலாம்.

பழைய மரக்கட்டைகளின் நீளம் 9 அடி; மாதிரியில் 27 மில்லிமீட்டர். கடையில் வாங்கும் பாதையின் கட்டைகள் இதைவிடச் சற்று நீளமானவை. முனைகளைச் செதுக்கலாம், அன்றேல் சாம்பலும் தூளும் பரப்பி மறைத்துவிடலாம். மெய்யான ஷெட்டிலும் கட்டைகள் கண்ணுக்குத் தெரிவது அரிது.

எஞ்சினைத் திருப்பும் சுழல்மேடை பார்ப்போரை மிகவும் கவர்வது. ஆனால் 75 அடி மேடை 225 மில்லிமீட்டர் விட்டமாகிப் பலகையின் அகலத்தில் பாதியைக் கொள்ளும். மின்சாரச் சிக்கலும் ஒன்றுண்டு. மாதிரி எஞ்சின் இரு தண்டவாளங்களிலிருந்தும் நேர் மின்னோட்டத்தைப் பெறுகிறது. ஒன்று நேர்முனை, மற்றொன்று எதிர்முனை. மேடையை அரைச்சுற்றுச் சுழற்றியவுடன் முனைகள் இடம் மாறிவிடும். அந்நிலையில் எஞ்சின் பாதையைத் தொட்டால் மின்சாரம் குறுக்கே பாய்ந்து கருவி பழுதாகும். மேடைக்கெனத் தனியாக முனை மாற்றும் ஸ்விட்ச் ஒன்றை வைத்தால் இது தீரும். அவ்வாறே ஒவ்வொரு பாதையிலும் ஓரிடத்தில் தண்டவாளத்தைத் துண்டித்து, தனி ஸ்விட்ச் இணைக்க வேண்டும். இல்லையேல் ஒன்றை நகர்த்த முயலும்போது நிற்கும் எஞ்சின்கள் யாவும் ஒருங்கே நகரும்.

ஒரு நாள் வேலை

மாதிரி அமைப்போர் பலர், அழகைக் கருதி உறுப்புகளை ஆங்காங்கே வைத்துவிடுவர். உண்மையில் ஷெட்டின் ஒவ்வோர் உறுப்பும் ஒரு காரணத்தால் ஓரிடத்தில் நின்றது.

பயணம் முடிந்து வந்த எஞ்சின் முதலில் வெளிப்பாதையில் நிற்கும். சாம்பல் குழியின் மேல் அதன் நெருப்பறையிலிருந்து கட்டியும் சாம்பலும் தள்ளப்படும். முன்புறப் புகைப்பெட்டியில் தங்கிய கரித்தூள் வாரி எறியப்படும். நெருப்புத் துண்டுகள் விழுமாதலால் இக்குழி கொட்டகைக்குள் இராது. அருகிலேயே நிலக்கரி மேடை இருக்கும். சிறு ஷெட்டுகளில் கூலியாட்கள் கூடைகளில் சுமந்து கரியைக் கொட்டினர். அதையடுத்துத் தண்ணீர்க் கம்பம். அதன் வளைந்த குழாய் நீர்வண்டியின் மேல் திருப்பப்படும். அப்பால் மணல் அறை. ஈரமான தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கும்போது, குழாய் வழியே மணல் தூவி உராய்வை மிகுவிப்பர். மணல் ஈரமாயிருப்பின் குழாயில் அடைத்துக்கொள்ளும். எனவே அதை அடுப்பில் வறுத்து உலர்த்துவது ஷெட்டின் நாள்தோறும் நடந்த பணி. மாதிரிகளில் பெரும்பாலும் மறக்கப்படுவது இந்த அறையே.

இவற்றின் வரிசை ஷெட்டுக்கு ஷெட் சிறிது மாறலாம். மாறாத விதி ஒன்றுண்டு: எஞ்சின் முன்னும் பின்னுமாக அலையாமல் ஒரே திசையில் நகர்ந்து, வேலைகள் யாவும் முடிந்தபின் கொட்டகைக்குள் செல்ல வேண்டும். அங்குக் கொதிகலன் கழுவப்படும். அச்சுகளும் தாங்கிகளும் சோதிக்கப்படும். குளிர்ந்த எஞ்சினில் மீண்டும் நீராவி எழுப்பப் பல மணி நேரம் ஆகுமாதலால், நள்ளிரவிலும் ஷெட்டில் நெருப்பு மூட்டுவோர் விழித்திருந்தனர். பலகையில் எஞ்சினைக் கையால் நகர்த்தி இவ்வரிசையை ஒருமுறை நடத்திப் பார்த்த பின்னரே பாதைகளை ஆணியடிக்க வேண்டும். பின்னோக்கி இழுக்க வேண்டிய இடம் ஒன்று வந்தால், அங்கே வரைபடம் தவறு.

கோலார்ப் பகுதி மழை குறைந்த பூமி. தங்கவயலின் குடிநீரே பாலாற்று வழியிலுள்ள பேத்தமங்கலம் ஏரியிலிருந்து கொண்டுவரப்பட்டது. எனவே இம்மாதிரியில் உயர்ந்த நீர்த்தொட்டியே தலைமையான கட்டடமாக நிற்றல் பொருந்தும். இந்திய ரெயில் நிலையங்களில் பரவலாகக் காணப்பட்ட எஃகுத் தொட்டி, 4 அடிச் சதுரத் தகடுகளை முடுக்கிச் செய்தது. 12 மில்லிமீட்டர்ச் சதுர அட்டைகளை ஒட்டி இதைச் செய்யலாம். தகடுகளை எண்ணியே தொட்டியின் கொள்ளளவையும் கணக்கிடலாம்.

சுருங்குவனவும் சுருங்காதனவும்

இங்கேதான் விஞ்ஞான மாணவர்க்குரிய பாடம் உள்ளது. நீளம் 101.6இல் ஒரு பங்காகும்போது, பரப்பு அதன் இருபடியாகவும், கன அளவு முப்படியாகவும் குறைகின்றன. 101.6இன் முப்படி பத்து லட்சத்திற்கும் சற்று மிகுதி. 100 டன் எடையுள்ள எஞ்சினை அதே உலோகங்களால் இவ்விகிதத்தில் செய்தால், அதன் எடை சுமார் 95 கிராமே இருக்கும். சக்கரம் தண்டவாளத்தோடு அழுந்தி மின்சாரத்தை இடையறாது பெற இது போதாது. தூசு சிறிது இருந்தாலும் எஞ்சின் நின்றுவிடும். ஆகவே கொதிகலனுக்குள் ஈயத்தை நிரப்பி எடையைக் கூட்டுவர்.

வேகத்தையும் கணக்கிட வேண்டும். ஷெட்டில் எஞ்சின் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் நகர்வதாகக் கொண்டால், மாதிரி ஒரு விநாடியில் 22 மில்லிமீட்டரே நகர வேண்டும். டபிள்யூ.ஜி. எஞ்சினின் இயங்கு சக்கரம் 5 அடி 1½ அங்குல விட்டமுடையது, மாதிரியில் 15.4 மில்லிமீட்டர். அது நிமிடத்திற்கு 27 முறை சுற்றினாற் போதும். 40க்கு 1 என்னும் பற்சக்கர இணைப்பு இருப்பின் மோட்டார் நிமிடத்திற்கு 1,080 முறை சுழலும். மலிவான மோட்டார்கள் இவ்வளவு மெல்லச் சுழலும்போது தடுமாறும். ஆதலால் பணத்தை மிச்சப்படுத்தக் கூடாத இடம் மோட்டாரும் பற்சக்கரமுமே.

ஆனால் புவியீர்ப்பைச் சுருக்க இயலாது. 10 அடி உயரத்திலிருந்து விழும் நீர் தரையை அடைய ஏறத்தாழ 0.8 விநாடி ஆகும். மாதிரியில் 30 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விழும் துளி 0.08 விநாடியிலேயே விழுந்துவிடும். அன்றியும் துளியின் பருமன் மனித உருவத்தின் தலையைவிடப் பெரிதாயிருக்கும். இதனால் தண்ணீர்க் கம்பத்தில் உண்மையான நீரைப் பாய்ச்சுவதும், புகைபோக்கியில் புகையை வரவழைப்பதும் விளையாட்டுப் பொருளின் தோற்றத்தையே தரும். அசையாப் பொருள்களைச் சிறிதாக்கலாம். ஓடும் நீரும் எழும் புகையும் அதற்கு இணங்கா. சிறந்த மாதிரிகளில் நீர் பாய்வதில்லை. ஆனால் கம்பத்தின் அடியில் தரை நனைந்து கறுத்திருக்கும்.

கரியும் மண்ணும்

நிலக்கரிக்கு ஏற்ற பொருள் நிலக்கரியே. 4 அங்குலக் கட்டி இங்கு 1 மில்லிமீட்டர். கரியை இடித்துத் தேயிலை வடிகட்டியில் சலித்தால் இது கிடைக்கும். சாம்பலுக்கு அடுப்புச் சாம்பல் போதும். தரைக்குக் கோலார்ப் பகுதியின் செம்மண்ணை மெல்லிய துணியில் சலித்துத் தூவி, நீர் கலந்த பசையைச் சொட்டுச் சொட்டாக விட்டு உலர்த்தலாம். நெளிதகட்டுக் கூரையின் நெளிவுகள் 3 அங்குல இடைவெளியுடையவை. மாதிரியில் முக்கால் மில்லிமீட்டர். நெருக்கமாகக் கோடு கீறிய பலகை மீது மெல்லிய அலுமினியத் தாளை வைத்து அழுத்தினால் இத்தகடு கிடைக்கும்.

பின்னணியில் சுரங்கத்தின் இரும்புக் கோபுரமும், தங்கவயலின் அடையாளமான சாம்பல் நிற மேடுகளும் இடம்பெற வேண்டும். தாதுக்கல்லைப் பொடித்து, சயனைடுக் கரைசலால் தங்கத்தைப் பிரித்தபின் எஞ்சிய கழிவே அம்மேடுகள். மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்டது அது. கோரமண்டல் மாணவர் ஒருவருக்கு அம்மண்ணையே எடுத்துவந்து ஒட்டலாம் என்று தோன்றுவது இயல்பு. அவ்வாறு செய்தல் ஆகாது. அம்மண்ணில் சயனைடின் எச்சமும் நச்சு உலோகங்களும் இருக்கக்கூடும். காற்றில் பறக்கும் அதன் நுண்தூள் தங்கவயல் மக்களின் நெடுங்காலத் துன்பம். சலிக்கும்போது அது நேரே மூச்சுக்குழலில் புகும். சுண்ணாம்புச் சாந்தால் மேட்டை வனைந்து சாம்பல் நிறம் பூசினாற் போதும்; மழைநீர் அரித்த வரிகளை ஈரமாயிருக்கும்போதே தூரிகைக் காம்பால் கீறிவிடலாம்.

சாட்சியம்

மாதிரி ரெயில் அமைப்புகளைக் காண விரும்புவோர் 1977இல் திறக்கப்பட்ட புது டில்லி தேசிய ரெயில் கண்காட்சிச் சாலைக்கும், 1998இல் பூனாவில் தொடங்கப்பட்ட ஜோஷி சிற்றுருவ ரெயில் காட்சியகத்திற்கும் செல்லலாம். உயிருள்ள நீராவி ஷெட்டைக் காண அரியானாவின் ரேவாரிக்கோ, நீலகிரி மலைப்பாதையின் குன்னூருக்கோ செல்ல வேண்டும். குன்னூர் மீட்டர் பாதையாயினும், எண்ணெய்க் கறை படிந்த தரை, கருவிகள் சாய்ந்து நிற்கும் சுவர், கைபட்டு மழுங்கிய படிகள் ஆகியவற்றை அங்கே கண்டு குறித்துக்கொள்ளலாம்.

இவற்றினும் மேலான ஆதாரம் ஒன்றுண்டு. அது ஓய்வுபெற்ற டிரைவர்களும் பயர்மேன்களும் பிட்டர்களும். 1995இல் இருபது வயதில் கரிவாரியைப் பிடித்தவர் இன்று ஐம்பதைக் கடந்துவிட்டார். நீராவியின் முழு ஆட்சியைக் கண்டவர்கள் முதுமையின் எல்லையில் உள்ளனர். கட்டடத்தின் நீள அகலங்களை வரைபடம் சொல்லும். மணல் வறுத்தவர் எங்கே அமர்ந்தார், நெருப்புக் கம்பிகளை எப்பக்கம் சாய்த்தனர், குடிநீர்ப் பானை எந்தத் தூணின் நிழலில் இருந்தது என்பவற்றை எந்த வரைபடமும் சொல்லாது. ஆகவே வண்ணம் பூசுமுன் பலகையை அத்தகையோர் ஒருவரிடம் கொண்டுசென்று காட்டுதல் வேண்டும். அவர் சுட்டும் பிழைகளைத் திருத்தி, அவர் கூறியவற்றைத் தேதியுடன் ஒரு நோட்டில் எழுதி, பலகையோடு சேர்த்து வைத்தல் வேண்டும்.

தங்கவயலில் ஒரு பெருந்தொழில் மறைந்தபோது, அதனோடு எண்ணற்ற கைத்திறன்களும் பெயர்களும் எழுதப்படாமலே மறைந்தன. நீராவி ஷெட்டின் கதை இன்னும் அந்நிலையை முற்றிலும் அடையவில்லை; கேட்டு எழுத இன்னும் சிலர் உளர். ஓர் அடிக்கு மூன்று மில்லிமீட்டர் என்னும் எளிய கணக்கும், நான்கடிப் பலகையும், விடுமுறை நாட்களின் பொறுமையும் உடைய எந்தப் பள்ளியும் இப்பணியை மேற்கொள்ளலாம்.